விஏஓ இல்லீங்க, வெறும் விஏ: தூக்கத்த விக்காம இந்தத் தொழில நடத்துறது எப்படி

எங்க கீழ் வீட்டு அத்தை போன மாசம் ஒரு தட்டு நெறைய பணியாரத்தோட மாடி ஏறி வந்தாங்க. அவங்க சும்மா வர்ற ஆள் கெடையாது, ஏதோ காரியம் இருக்குன்னு தெரிஞ்சுருச்சு. உக்காந்து தண்ணி குடிச்சுட்டு பைய ஆரம்பிச்சாங்க, "ஏத்தா, நீ விஏஓ-வா இருக்கியாம்ல, எம்மக இப்பத்தான் சொன்னா, இத்தன வருசம் வாயத் தெறக்கலையே நீ, உசிலம்பட்டில எங்க அப்பா வழி எடம் ஒண்ணு பட்டா மாத்தாம கெடக்கு..."

நான் விஏஓ இல்ல, விஏ. ஒரு எழுத்துதான் கொறச்சல், ஆனா பட்டாவுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அவங்க மக நத்தம் ரோடு கலைஞர் நூலகத்துக்குப் போய் குரூப் 4-க்குப் படிச்சுட்டு இருக்கா, விஏஓ போஸ்ட் அந்தப் பரீட்சைலதான் வருது, அதனால அந்த வீட்ல எந்நேரமும் விஏஓ விஏஓன்னுதான் பேச்சு. அவ என்னப் பத்திச் சொன்னத அம்மா அப்படிக் காதுல வாங்கிட்டாங்க. அன்னைக்குச் சாயங்காலமே அந்தப் பொண்ணு வெக்கப்பட்டுக்கிட்டு மேல வந்து, "அக்கா நெசமாவே விஏ-ன்னா என்னக்கா, நான் பண்ண முடியுமா"ன்னு கேட்டா. அவகிட்ட மூணு நாலு நாளா சொன்னதுதான் இது, கொஞ்சம் ஒழுங்கு பண்ணி எழுதுறேன்.

விஏ-ன்னா விர்ச்சுவல் அசிஸ்டன்ட். ஒரு ஆபீஸ்ல மொதலாளிக்கு ஒரு உதவியாளர் இருப்பாங்கல்ல, லெட்டர் பாக்குறது, யாரு எப்ப வர்றாங்கன்னு டைரில குறிக்கிறது, டிக்கெட் போடுறது, பில் அனுப்புறது, காசு வரலன்னா ஞாபகப்படுத்துறது. அதே வேலைய நம்ம வீட்ல நம்ம லேப்டாப்ல உக்காந்து செய்யுறது, அவ்வளவுதான். இன்னொரு வித்தியாசம் இருக்கு, அதத்தான் நெறைய பேர் கவனிக்கிறதில்ல. நீங்க அங்க சம்பளத்துக்கு இருக்குற ஆள் இல்ல. தனியா தொழில் பண்ற ஆள், உங்களுக்கு ஒரே நேரத்துல மூணு நாலு கிளையன்ட் இருக்கலாம். பிஎஃப் கெடையாது, லீவு சம்பளம் கெடையாது, பதிலுக்கு எந்த வேலைய எடுக்குறது எத விடுறதுங்குறது உங்க கைல இருக்கு.

பொதுவா சொன்னா மண்டைல ஏறாது, எங்கிட்ட இருக்குற ஒரு வேலைய அப்படியே சொல்றேன். கொடைக்கானல்ல ஹோம்ஸ்டே வச்சிருக்க ஒரு அண்ணன். நாலே ரூம். அவருக்கு தோட்டம், சமையல், வர்றவங்கள ஊர் சுத்திக் காட்டுறது இதெல்லாம் நல்லா வரும், ஆனா மெயிலு வாட்ஸ்அப்பு பாக்கச் சொன்னா கை ஓடாது. ரூம் இருக்கான்னு ஒருத்தர் திங்கக்கிழமை கேட்டா புதன்கிழமை பதில் போடுவார், அதுக்குள்ள அந்தாளு வேற எங்கிட்டாச்சும் புக் பண்ணிருப்பாரு. சில சமயம் ஒரே ரூம ரெண்டு குடும்பத்துக்குக் குடுத்துட்டு ராத்திரி பத்து மணிக்கு ரோட்ல நின்னு கையப் பெசஞ்சுட்டு இருப்பாரு. நான் இப்ப என்ன பண்றேன்னா, காலைல ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவ அவரோட இன்பாக்ஸ தெறந்து எல்லாத்துக்கும் பதில் போடுறேன், புக்கிங்க காலண்டர்ல ஏத்துறேன், 2024 மே 7-லருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வேணும்னு ஆயிருச்சுல்ல, அத வர்றவங்களுக்கு முன்கூட்டியே லிங்க்கோட அனுப்புறேன், இல்லன்னா கீழ செக்போஸ்ட்ல நின்னுட்டு அவருக்குத்தான் போன் அடிப்பாங்க. போனப்பறம் ரிவ்யூ கேக்குறேன், மாசக் கடைசில வரவு செலவ கூகுள் ஷீட்ல போட்டுக் குடுக்குறேன். இதுல எதுவும் ராக்கெட் விடுற வேலை இல்ல. ஆனா தெனம் வுடாம நடக்கணும், அதுக்குத்தான் காசு.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வர்றேன். விஏ பத்தி விளம்பரம் பண்ற எல்லாரும் ஃப்ளெக்ஸிபிள் ஃப்ளெக்ஸிபிள்னு சொல்றாங்க, நெனச்ச நேரத்துக்கு வேலை பாக்கலாம், புள்ளைய ஸ்கூலுக்கு விட்டுட்டு வந்து பாக்கலாம், அப்படி இப்படின்னு. அது தானா வராதுங்க. எந்த மாதிரி வேலைய எடுக்குறீங்கங்குறதுலதான் அது இருக்கு.

புதுமண்டபத்துல முன்னாடி டெய்லருங்க வரிசையா உக்காந்து தச்சுட்டு இருந்தாங்களே, ஞாபகம் இருக்கா? துணியக் குடுத்தா அளவெடுத்துட்டு "வியாழக்கெழம வாங்கம்மா"ன்னு சொல்வாங்க. வியாழக்கிழமை ஜாக்கெட் ரெடியா இருக்கணும், அவ்வளவுதான் பேச்சு. அவர் அத காலைல தச்சாரா, ராத்திரி தச்சாரா, நடுவுல ஒரு கல்யாணத்துக்குப் போய் சாப்டுட்டு வந்து தச்சாரா, நமக்குத் தேவையில்ல. அங்கிட்டு தெரு முக்குல டீக்கடைக்காரர் இருக்காரு பாருங்க, அவரால அது முடியாது. ஆள் வர்ற நேரத்துல பாய்லர் முன்னாடி அவர் நிக்கணும். பத்து நிமிசம் அங்கிட்டு இங்கிட்டு போனா யாவாரம் போச்சு.

விஏ வேலையும் இந்த ரெண்டு சாதிதான். லைவ் சாட், போன் எடுக்குறது, மொதலாளி மீட்டிங்ல இருக்கும்போது கூடவே இருந்து நோட்ஸ் எடுக்குறது இதெல்லாம் டீக்கடை. பில் போடுறது, அடுத்த வாரத்து இன்ஸ்டாகிராம் போஸ்ட் எல்லாம் தயார் பண்ணி ஷெட்யூல் பண்றது, பாட்காஸ்ட் எழுத்துக்கு மாத்துறது, கஸ்டமர் லிஸ்ட சுத்தம் பண்றது, டூருக்கு ஹோட்டல் தேடி மூணு ஆப்ஷன் குடுக்குறது இதெல்லாம் தையல். டீக்கடை வேலை மட்டம்னு சொல்லல, ஆரம்பத்துல சீக்கிரமா கெடைக்கிறது அதுதான். ஆனா அத மட்டும் எடுத்துட்டு எனக்கு ஃப்ளெக்ஸிபிளா இருக்கணும்னா எப்படி?

நான் அப்படித்தான் மாட்டுனேன். என்னோட மொத கிளையன்ட் அமெரிக்காவுல ஒரு சின்ன ஆன்லைன் கடை. சாட் சப்போர்ட். நமக்கு ராத்திரி எட்டு மணிலருந்து காலைல நாலு வரைக்கும். மதுரக்காரிக்கு என்ன, தூங்கா நகரம்தான, பரோட்டாக் கடை தெறந்துருக்கும், கொத்து சத்தம் கேட்டுக்கிட்டே வேலை பாக்கலாம்னு பெருமையா வேற சொல்லிட்டுத் திரிஞ்சேன். எட்டு மாசம். பகல்ல தூக்கம் வராது, வில்லாபுரத்துல எங்க தெருவுல காலைல ஏழு மணிக்கு குப்பை வண்டி பாட்டோட வரும், அதுக்கப்பறம் தண்ணி வண்டி, அப்பறம் கோலமாவு, அப்பறம் கீரக்காரம்மா. எடை கூடி, கண்ணு உள்ள போயி, வீட்ல எல்லார்கிட்டயும் வள்ளு வள்ளுன்னு விழுந்து, கடைசில ஒரு செவ்வாக்கிழமை ரெண்டே வரில மெயில் வந்துச்சு, சாட்ட இனிமே சாஃப்ட்வேர் பாத்துக்கும், இதுவரைக்கும் பண்ணதுக்கு நன்றின்னு. அன்னைக்கு என் வருமானம் பூஜ்யம். வேற கிளையன்ட் ஒருத்தரு கூட இல்ல, தேடவும் நேரம் இருந்ததில்ல, ஏன்னா பகல்ல நான் மனுசியாவே இல்ல.

அவங்க மேல கோவம் எதுவும் இல்ல, அவங்க சொன்ன காசு குடுத்தாங்க. தப்பு ரெண்டும் என்னோடது. கடிகாரத்தோட கட்டிக்கிட்டது ஒண்ணு, ஒரே ஆள நம்பி இருந்தது இன்னொண்ணு. சாஃப்ட்வேர் மொதல்ல வந்து புடிச்சதும் அந்த மாதிரி ஒரே பதில திரும்பத் திரும்பச் சொல்ற வேலையத்தான், அதையும் மனசுல வச்சுக்குங்க.

நேரம் பத்திச் சொல்லிடுறேன், ஏன்னா புதுசா வர்றவங்க இங்கதான் ரொம்ப கொழம்புறாங்க. லண்டன்ல காலைல ஒம்பது மணின்னா நமக்கு குளிர்காலத்துல மத்தியானம் 2:30, வெயில் காலத்துல 1:30. துபாய்ல ஒம்பதுன்னா நமக்கு 10:30. சிங்கப்பூர்னா காலைல 6:30. நியூயார்க்ல ஒம்பதுன்னா நமக்கு ராத்திரி 7:30, அங்க வெயில் காலம்னா 6:30. லண்டன்லயும் நியூயார்க்லயும் வருசத்துக்கு ரெண்டு தடவ கடிகாரத்தத் திருப்புவாங்க, நம்ம ஊர்ல அந்தப் பழக்கமே இல்லாததால மறந்துரும். அமெரிக்காவுல மார்ச் ரெண்டாவது ஞாயிறு மாத்துவாங்க, லண்டன்ல மார்ச் கடைசி ஞாயிறு, நடுவுல ரெண்டு மூணு வாரம் எல்லாம் கோணல் மாணலா இருக்கும். நான் ஒரு மார்ச்ல சரியா ஒரு மணி நேரம் லேட்டா ஒரு வீடியோ காலுக்குப் போய் உக்காந்து, யாருமே இல்லாத ஸ்கிரீனப் பாத்து சிரிச்சுட்டு இருந்தேன். காலண்டர்ல அவங்க ஊர் நேரத்துலயே குறிச்சு வச்சுட்டா அது தானா மாத்திக்கும், மண்டைக் கணக்கு வேண்டாம்.

இதே நேர வித்தியாசம் தையல் வேலைக்கு நமக்குச் சாதகம். சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்க முடிச்சு அனுப்பிட்டா நியூயார்க்ல அப்ப காலைல ஏழரையோ எட்டரையோ, அந்தாளு எந்திரிச்சு காபி குடிக்கையில வேலை முடிஞ்சு கெடக்கும். அவங்களுக்கு அது மாயாஜாலம் மாதிரி. கிளையன்ட் கூட மொத தடவ பேசும்போது இத ஒரு குறையா சொல்லாம, "நீங்க தூங்கும்போது நான் முடிச்சுருவேன்"னு சொல்லுங்க. வாரத்துக்கு ஒரு கால், அரை மணி நேரம், அதுக்கு மட்டும் நீங்க கொஞ்சம் வளைஞ்சு குடுக்கலாம்.

அடுத்தது காசு. அந்தப் பொண்ணு, "அக்கா மணிக்கு நூறு ரூபா கேக்கலாமா"ன்னு கேட்டா. ஏன் நூறுன்னு கேட்டேன், சும்மா தோணுச்சுன்னா. அப்படித் தோணக்கூடாது. கணக்குப் போடுங்க. வீட்டுக்கு மாசம் 30,000 வேணும்னு வைங்க. நெட்டு, கரண்ட், சாஃப்ட்வேர், லேப்டாப் ஒரு நாள் போய்ச் சேர்ந்துரும் அதுக்கு மாசா மாசம் எடுத்து வைக்கிறது, ஹெல்த் இன்சூரன்ஸ், காய்ச்சல் வந்து படுத்தா அந்த நாளுக்கு, வரி, எல்லாம் சேத்து ஒரு 10,000. ஆக 40,000 வரணும். மாசம் 22 நாள், நாளைக்கு அஞ்சு மணி நேரம் உக்கார முடியும்னா 110 மணி. ஆனா அந்த 110-க்கும் யாரும் காசு தரமாட்டாங்க, புது ஆள் தேடுறது, பில் போடுறது, ஏதாச்சும் கத்துக்கிறதுன்னு ஒரு 35 மணி ஓடிரும். மிச்சம் 75. நாப்பதாயிரத்த 75-ஆல வகுத்தா 533 ரூபாய். நூறு ரூபாய்க்கு வேலை பாத்தா 75 மணிக்கு 7,500 வரும், அதுக்கு ஏன் இவ்வளவு பாடு? மொத கிளையன்ட்டுக்கு கொஞ்சம் கொறச்சு வாங்கலாம், தப்பில்ல, ஆனா உங்க நம்பர் என்னன்னு தெரிஞ்சு கொறைக்கணும்.

அப்பறம் இந்த மணிக்கணக்க கிளையன்ட்கிட்ட காட்டாம இருந்தா இன்னும் நல்லது. டெய்லர் ஜாக்கெட்டுக்குத்தான் கூலி வாங்குறார், மணிக்கு வாங்கல. நாள் ஆக ஆக உங்களுக்கு கை வேகமாயிரும், மூணு மணில பண்ணது ஒண்ணரை மணில முடியும், மணிக்கு இவ்வளவுன்னு வாங்கிட்டு இருந்தா வேகமா ஆனதுக்கு உங்களுக்கே அபராதம். அதனால உள்ளுக்குள்ள மணிக்கணக்கு போட்டுக்கிட்டு, வெளிய "மாசத்துக்கு 12 போஸ்ட், தெனம் ரெண்டு தடவ இன்பாக்ஸ், மாசக் கடைசில ஒரு கணக்கு, இதுக்கு இவ்வளவு"ன்னு ஒரு தொகை சொல்லுங்க.

இதத்தான் ரீடெய்னர்னு சொல்வாங்க, பேரக் கேட்டுப் பயப்பட வேண்டாம், ஆவின் பால் அட்டை வாங்குறோம்ல அதுதான். மாசத்துக்கு மொத்தமா முன்கூட்டி கட்டிருவோம், தெனம் பால் வந்துரும், தனியா கடைல வாங்குறத விட வெலையும் கொஞ்சம் கம்மி. கிளையன்ட்டுக்கு ஆள் உறுதி, உங்களுக்கு காசு உறுதி. மொத தேதிக்கு காசு வந்துரணும், வந்தாத்தான் அந்த மாச வேலை. இத மொத நாளே சொல்லிருங்க, மூணாவது மாசம் போய்ச் சொன்னா வருத்தம் வரும். அட்டைல பால் மிச்சம் இருந்தா அடுத்த மாசம் சேத்து ஊத்த மாட்டாங்கல்ல, அது மாதிரி மிச்ச மணி நேரத்த அடுத்த மாசத்துக்குத் தள்ள விடாதீங்க, ஒரு தடவ விட்டு ஒரு டிசம்பர் மாசம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எத்தன பேர் வேணும்? என் கணக்கு மூணுலருந்து அஞ்சு. ஒருத்தர்கிட்டருந்து வர்றது மொத்தத்துல நாப்பது சதவீதத்தத் தாண்டக்கூடாதுன்னு வச்சிருக்கேன். நாலு பேர் சமமா இருந்தா ஒருத்தர் போனாலும் காவாசிதான் போகும், ரெண்டு மாசத்துல தேத்திரலாம். ஒரு பெரிய கிளையன்ட் வந்து "மத்தவங்கள விட்ருங்க, எல்லா நேரத்தையும் நான் வாங்கிக்கிறேன்"னு சொல்லும்போது சந்தோசமாத்தான் இருக்கும். அது பிஎஃப் இல்லாத ஒரு வேலைக்குச் சேர்றதுதான், வடபழஞ்சி ஐடி பார்க்குக்குப் போறவங்களுக்காச்சும் கேப் வரும்.

பேசுனத எழுதி வைக்கணும். வக்கீல் வச்சு முத்திரைத் தாள்ல எழுதணும்னு இல்ல, ஒரு பக்க மெயில் போதும் ஆரம்பத்துக்கு. என்னென்ன வேலை, எதெல்லாம் இதுல சேராது, எவ்வளவு காசு எந்தத் தேதி, எத்தன மணி நேரத்துக்குள்ள பதில் போடுவேன், நிறுத்தணும்னா ரெண்டு பக்கமும் 30 நாள் முன்னாடி சொல்லணும். அந்த 30 நாள் வரி என் மொத கிளையன்ட்கிட்ட இருந்துருந்தா அந்தச் செவ்வாக்கிழமை அப்படி இருந்துருக்காது. "எதெல்லாம் சேராது"ங்குறதயும் விட்றாதீங்க, நம்ம ஊர் கிளையன்ட்டுன்னா கண்டிப்பா வேணும். இங்க "ம்மா, இது ஒண்ணு மட்டும் பாத்துக் குடுத்துரு"ன்னு பாசமா கேப்பாங்க, மறுக்க வாய் வராது, அப்பறம் அவங்க மக ஸ்கூல் ப்ராஜெக்ட் வரைக்கும் நம்ம தலைல வந்து நிக்கும். நான் இப்ப சிரிச்சுக்கிட்டே, "கண்டிப்பா பண்ணிரலாம்ணே, இந்த மாச லிஸ்ட்ல எத எடுத்துட்டு இத வைக்கட்டும்"னு கேக்குறேன். பாதி நேரம் அதுலயே வேண்டாம்னு சொல்லிருவாங்க.

மொத ஆள எங்க புடிக்கிறது? எல்லாரும் நேரா ஃபைவர் அப்வொர்க்குன்னு ஆன்லைன்ல வேலை புடிச்சுக் குடுக்குற சைட்டுக்கு ஓடுறாங்க. போங்க, வேண்டாங்கல, ஆனா ஃபைவர் உங்க ஆர்டர்ல 20 சதவீதம் எடுத்துக்கும், 5,000 ரூபா வேலைக்கு உங்க கைக்கு 4,000. அதோட புது ஆளுக்கு ரிவ்யூ இல்லாம ஆர்டர் வராது, ஆர்டர் வராம ரிவ்யூ இல்ல. நான் சொல்றது, மொத ரெண்டு பேர நம்ம ஊர்லயே தேடுங்க. சுத்திப் பாருங்க, சுங்குடிச் சேலைய வாட்ஸ்அப்புல விக்கிறவங்க இருக்காங்க, ராத்திரி பன்னெண்டு மணிக்கு "ப்ளீஸ் ப்ரைஸ்"னு வர்ற மெசேஜுக்கு பதில் சொல்லியே ஓய்ஞ்சு போறாங்க. டூரிஸ்ட் வண்டி வச்சிருக்காங்க, ராமேஸ்வரம் கன்னியாகுமரின்னு மூணு நாள் பயணத்துக்கு கொட்டேஷன் ஒவ்வொருத்தருக்கும் புதுசா டைப் பண்றாங்க. பல் டாக்டர், கல்யாண மண்டபம், டியூஷன் சென்டர், ஆடிட்டர் ஆபீஸ். அவங்ககிட்ட போய் "நான் விஏ"ன்னு சொன்னா புரியாது, பட்டா கேப்பாங்க. "அண்ணே, உங்களுக்கு வர்ற மெசேஜுக்கெல்லாம் அன்னன்னைக்கே பதில் போற மாதிரி பண்ணித்தர்றேன், ஒரு மாசம் பாருங்க"ன்னு சொன்னா புரியும். ஜிபேல காசு வந்துரும், அடுத்த கிளையன்ட்கிட்ட காட்டுறதுக்கு ஒரு வேலையும் இருக்கும். காசு கம்மியாத்தான் வரும், அது உண்மை, ஆனா வெளிநாட்டு ஆள்கிட்ட பழகி வாங்குற அடிய இங்க கொறஞ்ச வெலைல வாங்கிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. "வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, மாதம் 40,000, பதிவுக் கட்டணம் மட்டும்"னு பஸ் ஸ்டாண்ட் சுவத்துலருந்து டெலகிராம் வரைக்கும் ஒட்டி வச்சிருக்காங்கல்ல, அது பூரா ஏமாத்து. வேலை குடுக்குறவன் நம்மகிட்ட காசு கேக்க மாட்டான். சில பேர் காசு கேக்காம அக்ரிமென்ட்ல கையெழுத்து வாங்கிட்டு, டைப் பண்ணி முடிச்சப்பறம் "தப்பு அதிகம், நஷ்டஈடு கட்டு, இல்லன்னா கோர்ட்டு நோட்டீஸ்"னு மிரட்டுவாங்க, பயந்துட்டு கட்டிராதீங்க. இன்னொரு வகை உங்க பேங்க் அக்கவுண்ட்ட கொஞ்ச நாள் "யூஸ் பண்ணிக்கிறோம்"னு கேப்பான், குடுத்தீங்கன்னா போலீஸ் உங்க வீட்டுக்குத்தான் வரும். பணம் போயிருச்சுன்னா ஒடனே 1930-க்கு போன் அடிங்க, சைபர் கிரைம் ஹெல்ப்லைன் அது, எவ்வளவு சீக்கிரம் சொல்றமோ அவ்வளவுக்கு நல்லது.

சாமான் பெருசா எதுவும் வேண்டாம். ஒரு சுமாரான லேப்டாப், ஹெட்செட், நெட்டு. ஆனா மாசா மாசம் ஈபில பராமரிப்புன்னு ஒரு நாள் காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் நிப்பாட்டுவாங்கல்ல, அந்த லிஸ்ட முன்னாடியே பாத்து வச்சுக்குங்க. ரவுட்டருக்கு மட்டும்னு சின்ன யுபிஎஸ் ஒண்ணு விக்கிது, அது வாங்குங்க. அதுக்கும் மேல போனா போன் ஹாட்ஸ்பாட், வீட்டு நெட் ஒரு கம்பெனின்னா போன் சிம் வேற கம்பெனியா இருக்கட்டும், ரெண்டும் ஒரே நேரத்துல படுக்காது.

பாஸ்வேர்டு பத்தி கொஞ்சம் கறாரா இருங்க. நம்ம ஊர் கிளையன்ட் வாட்ஸ்அப்புல பாஸ்வேர்ட தூக்கிப் போட்ருவாங்க, சில பேர் ஓடிபி கூட படிச்சுச் சொல்வாங்க. நீங்க வாங்காதீங்க. ஜிமெயில்லயே செட்டிங்ஸ்ல இன்னொருத்தருக்கு இன்பாக்ஸ் பாக்க அனுமதி குடுக்குற வசதி இருக்கு, பாஸ்வேர்டு குடுக்கவே வேண்டாம், வேலை முடிஞ்சா எடுத்துரலாம். காலண்டரும் அப்படித்தான். வேற வழியே இல்லாத எடத்துல பிட்வார்டன் மாதிரி பாஸ்வேர்டு மேனேஜர் வழியா பகிரச் சொல்லுங்க. பேங்க் லாகின் மட்டும் எவ்வளவு பழகுனவங்களா இருந்தாலும் தொடாதீங்க. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு கொறஞ்சா மொதல்ல சந்தேகம் வர்றது நம்ம மேலதான்.

வெளிநாட்டுக் காசுன்னா பேபால், வைஸ், பேயோனியர் இந்த மாதிரி வழில வரும். பேபால் 2021 ஏப்ரல்லருந்து நம்ம நாட்டுக்குள்ள ஒருத்தருக்கொருத்தர் அனுப்புறத நிறுத்திருச்சு, வெளிநாட்டுலருந்து வாங்க மட்டும்தான். கட்டணத்த மட்டும் பாக்காதீங்க, டாலர ரூபாயா மாத்துற ரேட்லயும் கொஞ்சம் எடுத்துருவாங்க, ரெண்டையும் சேத்து கைக்கு எவ்வளவு வருதுன்னு பாருங்க. ஒவ்வொரு தடவையும் வெளிநாட்டுப் பணம் வந்ததுக்கான ஃபைரா சான்று எடுத்து ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க, பின்னாடி தேடி அலையக்கூடாது. ஜிஎஸ்டி பத்தி ஆரம்பத்துலயே பதற வேண்டாம், சர்வீஸ் தொழிலுக்கு வருசத்துல மொத்த வரவு 20 லட்சம் தாண்டுனாத்தான் பதிவு கட்டாயம். பதிவு பண்ணப்பறம் கூட வெளிநாட்டுக்குச் செய்யுற சேவைக்கு எல்யுடி-ன்னு ஒரு உறுதிமொழிக் கடிதம் குடுத்துட்டா ஜிஎஸ்டி கட்டாம பில் போடலாம், உள்நாட்டு கிளையன்ட்டுக்கு 18 சதவீதம் போடணும். வருமான வரி கணக்கு மட்டும் மொத வருசத்துலருந்தே தாக்கல் பண்ணுங்க, நாளைக்கு லோனுக்குப் போனா பேங்க்காரர் மொதல்ல கேக்குறது அதத்தான். உத்யம்னு சொல்ற சிறுதொழில் பதிவு 2020-லருந்து அரசாங்க சைட்ல இலவசம், ஆதாரும் பான் கார்டும் இருந்தா போதும், ரெண்டாயிரம் குடுங்க மூவாயிரம் குடுங்கன்னு அதே மாதிரி கலர்ல சைட் வச்சு கேக்குறவங்ககிட்ட ஏமாறாதீங்க. மத்தத ஒரு ஆடிட்டர்கிட்ட ஒரு மணி நேரம் உக்காந்து கேட்டுருங்க, அந்த ஃபீஸ் வீண் போகாது.

கடைசியா ஒண்ணு, இது தெரியாமதான் நான் மூணு வருசம் லீவே எடுக்கல. நீங்க செய்யுற ஒவ்வொரு வேலையையும் எழுதி வைக்கணும். எஸ்ஓபி-ன்னு சொல்வாங்க, நம்ம பாசைல சமையல் குறிப்பு. ஹோம்ஸ்டேக்கு ஒரு புக்கிங் வந்தா மொதல்ல எத தெறக்கணும், எந்தப் பதில எடுத்து ஒட்டணும், குழந்தை இருந்தா என்ன கேக்கணும், ரெண்டு பேர் ஒரே தேதி கேட்டா யாருக்கு குடுக்கணும். அண்ணன் கோவப்படுற விசயம் எது, அதுவும்தான். எழுதச் சோம்பலா இருந்தா அடுத்த தடவ அந்த வேலைய செய்யும்போது ஸ்கிரீன ரெக்கார்டு பண்ணி வாயாலயே சொல்லிருங்க, லூம் மாதிரி ஆப்பு இருக்கு.

இது இருந்தாத்தான் வேற ஒருத்தர் கைல குடுத்துட்டு நீங்க நகர முடியும். எங்க வீட்ல சித்திரைத் திருவிழான்னா தல்லாகுளத்துல பெரியம்மா வீட்டுக்குப் போயிருவோம், எதிர்சேவைலருந்து அழகர் ஆத்துல எறங்குற வரைக்கும் அங்கதான், அந்தக் கூட்டத்துல போன்ல சிக்னலே நிக்காது, இதுல இன்பாக்ஸ எங்க பாக்குறது? ஜனவரிலயே எல்லா கிளையன்ட்டுக்கும் இந்த நாளெல்லாம் நான் இல்லன்னு தேதியோட அனுப்பிருவேன். லண்டன்ல ஒரு அம்மா, அது என்ன திருவிழான்னு கேட்டாங்க, சாமி கள்ளழகர் வேசத்துல மலைலருந்து கெளம்பி ஆத்துக்கு வர்றாருன்னு எழுதுனேன், அதுலருந்து வருசா வருசம் அவங்களே ஏப்ரல்ல கேக்குறாங்க, சாமி கெளம்பியாச்சான்னு.

போன சித்திரைக்கு ஹோம்ஸ்டே மட்டும்தான் நிப்பாட்ட முடியாத வேலையா இருந்துச்சு, கொடைக்கானல்ல அப்பத்தான் சீசன். இந்த வருசம் கீழ் வீட்டுப் பொண்ணுகிட்ட அந்தக் குறிப்ப குடுத்துருக்கேன். அண்ணன்கிட்டயும் சொல்லியாச்சு, அவர் சரின்னுட்டார், அனுமதியும் அவ மெயிலுக்குத் தனியா குடுத்துருக்கார். மொத ரெண்டு வாரம் ஒவ்வொரு பதிலையும் அனுப்புறதுக்கு முன்னாடி மாடி ஏறி வந்து காட்டுனா, மூணாவது வாரத்துல ஒரு நாள் வரல, நானே எட்டிப் பாத்தேன், எல்லாம் போயிருந்துச்சு, ஒரு பதில்ல இ-பாஸ் லிங்க் மட்டும் விட்டுட்டா. காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் முக்கா மணி, நடுவுல நூலகத்துக்குப் போய் குரூப் 4-க்குப் படிக்கிறா. அவங்க அம்மா பட்டாவ அவ விஏஓ ஆனப்பறம் பாத்துக்கலாம்னு விட்டாச்சு.